தலைக்குச் சாயம் பூசுவோர் அறிய வேண்டியவை: விசேஷ வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கங்களில் ஓர் அறுபதாம் கல்யாணமோ பிள்ளைகளின் திருமணமோ வந்துவிட்டால், பூட்டிக் கிடந்த வீடு திறக்கப்படுவதும், சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர்வதும், விசேஷத்துக்கு முதல் நாள் மாலையில் ஆணும் பெண்ணுமாகப் பலர் ‘டை அடிக்க’ உட்காருவதும் வழக்கமாகிவிட்டன. தலைச்சாயத்தைப் பொறுத்தவரை இந்த முதல் நாள் மாலையைப் போலப் பொருந்தாத நேரம் வேறில்லை. சாயத்தால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் பூசிய உடனே தெரிவதில்லை. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் வெளிப்படும். அதாவது, மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார வேண்டிய நேரத்தில்தான் இமை வீங்கிக் கண் திறக்க முடியாமல் போகும். எனவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் படிகள் எல்லாம் விசேஷ நாளிலிருந்து பின்னோக்கி நாள் எண்ணும் ஒரே முறையைச் சார்ந்தவை.

முதல் படி: பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று படித்தல்

கடையில் விற்கும் கருப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றின் ஆதாரப் பொருள் பாரா-ஃபினைலீன்டைஅமீன் என்ற வேதிப்பொருள், சுருக்கமாக பிபிடி. இது தன்னளவில் கருப்பு நிறம் கொண்டதன்று. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜன் தரும் பொருளோடு கலக்கும்போதுதான் வினைபுரிந்து, முடியின் உள்ளே பெரிய மூலக்கூறுகளாக மாறி, வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டு நிறமாக நிற்கிறது. கிரீம் வகைச் சாயங்களில் அமோனியா முடியின் மேற்செதில்களைத் திறந்து இந்தப் பொருள்கள் உள்ளே நுழைய வழி செய்கிறது. நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சரமாகத் தொங்கும் பொடிப் பாக்கெட்டுகளில் பெராக்சைடு தரும் உப்பும் சேர்ந்தே இருப்பதால் தண்ணீரில் குழைத்தாலே போதும். அதனாலேயே அவை ‘லேசானவை’ என்று எண்ணிவிடக் கூடாது. வினை நடக்கும் விதம் இரண்டிலும் ஒன்றே.

ஒவ்வாமை வருவது பெரும்பாலும் இந்த வினை முழுமை பெறாத நிலையில் தோலில் ஊடுருவும் பிபிடியால்தான். அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2006ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக பிபிடியையே அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், கலந்து தலையில் பூசும் நிலையில் சாயத்தில் இது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

பாக்கெட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும் பொருள் பட்டியலில் இந்தப் பெயரைத் தேட வேண்டும். 1,4-டைஅமினோபென்சீன், 1,4-பென்சீன்டைஅமீன் என்பனவும் இதே பொருளின் வேறு பெயர்கள். டொலுவீன்-2,5-டைஅமீன் என்பது இதன் நெருங்கிய உறவு. பிபிடி ஒத்துக்கொள்ளாதவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இதுவும் ஒத்துக்கொள்வதில்லை.

விளம்பரச் சொற்களில் மிக அதிகமாக ஏமாற்றுவது ‘அமோனியா இல்லை’ என்ற வாசகம் என்பது என் கருத்து. அது பொய்யன்று; ஆனால் வாங்குபவர் புரிந்துகொள்வது வேறு. அமோனியாவின் வேலையை எத்தனோலமீன் போன்ற வேறொரு காரப்பொருளிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி குறைகிறது, பிபிடி அப்படியே இருக்கிறது. நெடியால் இருமல், மூச்சிரைப்பு வருபவர்களுக்கு இந்த மாற்றம் உதவும். தோல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதவாது. ‘மூலிகை’, ‘ஹெர்பல்’ என்ற சொற்களும் இப்படித்தான். நெல்லிக்காய், கரிசலாங்கண்ணி படம் போட்ட பாக்கெட்டின் பொருள் பட்டியலில் பிபிடி இருப்பது புதுமையன்று.

மருதாணியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற நிறப்பொருள் நரைத்த முடிக்கு ஆரஞ்சும் சிவப்பும் கலந்த நிறத்தைத்தான் தரும், கருப்பு தராது. அவுரி இலைப் பொடியை அடுத்துப் பூசினால் கருநீலம் ஏறிக் கருமைக்கு அருகில் வரும். எனவே மருதாணிப் பொடி என்ற பெயரில், ஒரே முறையில், அரை மணி நேரத்தில் கன்னங்கரேல் என்று முடியை மாற்றும் எதுவும் வெறும் இலைப்பொடியாக இருக்க முடியாது. திருமண வீடுகளில் கைக்குப் போடும் ‘கருப்பு கோன்’களுக்கும் இது பொருந்தும். அவற்றில் சேர்க்கப்படும் பிபிடி தோலில் பல மணி நேரம் நேராகத் தங்குகிறது. அதனால் பத்து வயதில் கையில் ஒரு கொடி வரைந்துகொண்ட பெண்ணின் உடல் அந்தப் பொருளைப் பகையாகப் பதிவு செய்துகொண்டு, நாற்பது வயதில் முதன்முறையாகத் தலைக்குச் சாயம் பூசும்போது கடுமையாக எதிர்வினை காட்டக்கூடும். குழந்தைகளுக்குக் கருப்பு கோன் போடவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தூய மருதாணியும்கூட, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் கைக்குழந்தைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

தினமும் தலைவாரும்போது தடவ, நரை மெல்ல மெல்லக் கருக்கும் என்று விற்கப்படும் திரவங்கள் இன்னொரு வகை. இவற்றில் முன்பு ஈய அசிட்டேட் சேர்ப்பது வழக்கம். இந்திய விதிகள் அழகுசாதனப் பொருள்களில் ஈய, ஆர்சனிக் சேர்மங்களை அனுமதிப்பதில்லை. அமெரிக்காவும் 2018இல் ஈய அசிட்டேட்டுக்கான அனுமதியை விலக்க முடிவெடுத்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய புட்டிகளைப் படித்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.

இரண்டாம் படி: யார் பூசக் கூடாது

முன்பு சாயத்தாலோ கருப்பு மருதாணியாலோ அரிப்பு, கொப்புளம், வீக்கம் வந்தவர்கள் பிபிடி உள்ள எந்தச் சாயத்தையும் பூசக் கூடாது. வீட்டில் சோதித்துப் பார்க்கவும் கூடாது. தலையில் புண், படை, சொரியாசிஸ், பொடுகு முற்றிய தோல் உரிதல் உள்ளவர்கள் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். காது குத்தும் விசேஷத்துக்காகவோ நேர்த்திக்கடனுக்காகவோ மொட்டை அடித்துச் சில நாளே ஆன தலையில், கத்தி பட்ட கீறல் ஆறாத நிலையில், சாயம் படக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய சாயங்கள் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உரியவையல்ல என்று உறையிலேயே அச்சிட வேண்டும். அந்த எல்லையை நாமும் கடைப்பிடிப்பதில் தவறில்லை.

கர்ப்பிணிகள் குறித்த அச்சம் உண்மை நிலையைவிடப் பெரிது. தோல் வழியாக உடலுக்குள் செல்லும் அளவு மிகக் குறைவு என்பதே மருத்துவர்களின் பொதுவான கருத்து. இருந்தும் முதல் மூன்று மாதங்களைத் தவிர்த்து, பிறகு காற்றோட்டமான இடத்தில், தலைத்தோலில் அதிகம் படாமல் பூசலாம் என்று முன்னெச்சரிக்கையாகச் சொல்வார்கள். பாலூட்டும் தாய்மார்களுக்குத் தடை எதுவும் இல்லை.

மூன்றாம் படி: நாள் குறித்தல், பேட்ச் டெஸ்ட்

விசேஷத்துக்கு 7 நாள் முன்னதாக, தோலில் சிறிது தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் சோதனை, 4 அல்லது 5 நாள் முன்னதாகச் சாயம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் தாமதமாக வரும் எதிர்வினைக்கு உரிய 72 மணி நேரமும் விசேஷத்துக்கு முன்பே கழிந்துவிடும். நெற்றி ஓரத்தில் ஒட்டிய கறையும் மறைந்து, அப்பட்டமான கருப்பும் ஒன்றிரண்டு முறை தலை குளித்ததில் சற்று அடங்கியிருக்கும். புகைப்படத்துக்கும் அதுதான் நல்லது.

சோதனை எப்படிச் செய்ய வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகள், பிபிடி உள்ள தலைச்சாயத்தின் உள்ளுறையிலும் வெளியுறையிலும் எச்சரிக்கையையும், பாக்கெட்டுக்குள் சோதனை முறையையும், ஆங்கிலத்தோடு வட்டார மொழியிலும் அச்சிடச் சொல்கின்றன. அம்முறைப்படி, காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ ஒரு சிறு இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்து, தலையில் பூசுவதற்கு எப்படிக் கலப்பீர்களோ அப்படியே கலந்த சாயத்தில் ஒரு பொட்டு அளவு தடவிக் காயவிட வேண்டும். 24 மணி நேரம் கழித்து மெல்லக் கழுவிப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. ஒவ்வாமை தாமதமாக வெளிப்படும் தன்மையுடையது என்பதால் 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது மேல். சிவப்பு, அரிப்பு, தடிப்பு, நீர் கோத்த கொப்புளம் இவற்றில் எது தெரிந்தாலும் உடனே கழுவிவிட்டு அந்தச் சாயத்தை ஒதுக்கிவிட வேண்டும்.

பாக்கெட்டை முழுவதும் கரைக்க வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை போதும். கிரீமாக இருந்தால் குழாயிலிருந்து ஒரு துளியும், அதோடு வரும் பெராக்சைடு திரவமான டெவலப்பரில் ஒரு துளியும் எடுத்துக்கொள்ளலாம்.

“இருபது வருடமாக இதே டைதான் அடிக்கிறேன், எனக்கு எதற்குச் சோதனை?” என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நியாயமாகத் தோன்றும் அந்தக் கேள்விதான் ஆபத்தானது. இந்த ஒவ்வாமை பிறவியிலேயே வருவதன்று. திரும்பத் திரும்பப் படும்போது நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒரு கட்டத்தில் அந்தப் பொருளை அடையாளம் கண்டு வைத்துக்கொள்கின்றன. ஆகவே பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட சாயம் ஒரு நாள் ஒத்துக்கொள்ளாமல் போவதுதான் இதன் இயல்பு. ஒவ்வொரு முறை பூசும் முன்னும் சோதிக்க வேண்டும் என்று விதி வற்புறுத்துவதும் இதனாலேயே. சோதனையில் எதுவும் தெரியவில்லை என்பது முழு உத்தரவாதம் ஆகாது என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஐயம் இருப்பவர்கள் தோல் மருத்துவரிடம் செல்லலாம். அவர்கள் வாசலினில் 1 விழுக்காடு பிபிடி கலந்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரத்திலும் 96 மணி நேரத்திலும் பார்த்துச் சொல்வார்கள்.

நான்காம் படி: பூசும் நாள்

இடத்தைத் தேர்வதில் செட்டிநாட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கதவடைத்த குளியலறையில் உட்காராமல், வளவில் முற்றத்தை ஒட்டிய இடத்திலோ பின்கட்டிலோ உட்கார்ந்தால் அமோனியா நெடி தங்காது. ஆனால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் பழைய துணியையோ செய்தித்தாளையோ கனமாக விரித்துக்கொள்ளுங்கள். அது சிமெண்டில் செய்த கல். சாயத்தை உறிஞ்சிக்கொண்டால் பிறகு போகாது. இது உடல்நலம் சார்ந்ததன்று என்றாலும், ஆச்சிமார்களிடம் வாங்கும் பேச்சும் ஒரு வகை ஒவ்வாமைதான்.

கலப்பதற்குப் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கிண்ணம் வேண்டும். எவர்சில்வர், பித்தளை, இரும்பு எதுவும் கூடாது. உலோகம் பெராக்சைடைக் கட்டுக்கடங்காமல் சிதைக்கும். மருதாணியை இரும்புச் சட்டியில் ஊறவைக்கும் பழக்கத்தில் வந்தவர்கள் அதே சட்டியைச் சாயத்துக்கும் எடுப்பதைக் காண்கிறோம், தவிர்க்க வேண்டும். உலோக உப்புகள் சேர்ந்த மருதாணிப் பொடியை முன்பு பூசியவர்களுடைய முடி, பெராக்சைடு படும்போது சூடேறி நொறுங்கக்கூடும் என்பதால், உதிர்ந்த முடிக்கற்றையில் முதலில் பூசிப் பார்க்க வேண்டும்.

கிரீம் சாயம் வாங்குவோர் டெவலப்பர் புட்டியில் ‘20 வால்யூம்’ என்று இருந்தால் 6 விழுக்காடு பெராக்சைடு என்றும், 40 என்றால் 12 விழுக்காடு என்றும் பொருள் கொள்ள வேண்டும். நரையை மறைக்க 20 போதும். அதற்கு மேல் செல்வது முடியை வறளச் செய்து முறிய வைக்கும்.

அன்று காலையில் சீயக்காய் போட்டு நகம் படத் தேய்த்துக் குளிக்காதீர்கள்; கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகச் சாயம் உள்ளே இறங்கும். நெற்றி ஓரம், காது மடல், பிடரி ஆகிய இடங்களில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். கையுறை கட்டாயம், பூசுபவர், பூசிக்கொள்பவர் இருவருக்கும். கழுவும்போது கையுறையைக் கழற்றிவிடுவது பொதுவான தவறு. நைட்ரைல் கையுறை சிறந்தது. ஒரு முறை பயன்படுத்தியதை உட்புறம் திருப்பி மறுமுறை மாட்டக் கூடாது.

வேரிலிருந்து தொடங்கிப் பூசி, உறையில் எழுதியிருக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் கணக்கிட வேண்டும். அதிக நேரம் வைத்தால் அதிகம் பிடிக்கும் என்று பந்தி வேலைகளுக்கு நடுவே தலையில் சாயத்தோடு நடமாடுவது வீண் ஆபத்து. இடையிலேயே எரிச்சலோ அரிப்போ தோன்றினால், பாதி பூசியிருந்தாலும், உடனே கழுவிவிட வேண்டும். கழுவும்போது தலையைப் பின்னால் சாய்த்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை ஊற்றி, பிறகு ஷாம்பு போட வேண்டும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் முடி வளர்கிறது. எனவே அடுத்த முறை வேரில் புதிதாக வெளுத்த பகுதிக்கு மட்டும் பூசினால் போதும், நுனி வரை இழுக்க வேண்டாம்.

மீசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால், கிண்ணத்தில் மிஞ்சியதை மீசைக்கு இழுத்துவிடுவது நம் ஆண்களின் வழக்கம். உதட்டு ஓரத் தோல் மெல்லியது, மூக்குத் துளை அருகில், நாக்கு படும் தூரம். ஒவ்வாமை வந்தால் மேலுதடு முழுவதும் வீங்கும். முகத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட சாயத்தைத் தனியே சோதித்துவிட்டுப் பயன்படுத்துவது ஒன்றே வழி. புருவத்துக்கும் இமைக்கும் எந்தச் சாயமும் கூடாது. அமெரிக்காவில் 1933இல் பிபிடி கலந்த ‘லேஷ் லூர்’ என்ற இமைச்சாயத்தால் பார்வை இழப்பும் உயிரிழப்பும் நேர்ந்தன. 1938இல் அந்நாடு அழகுசாதனப் பொருள்களையும் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் படி: ஏதேனும் நேர்ந்தால்

தலையில் லேசான அரிப்பும் சிவப்பும் மட்டும் என்றால், மென்மையான ஷாம்பு போட்டு நிறையத் தண்ணீரில் பலமுறை அலசி, குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடம் கொடுத்து, இரண்டு மூன்று நாள் கவனிக்கலாம். மஞ்சளோ வேப்பிலையோ அரைத்துப் பூசி ஏற்கெனவே புண்பட்ட தோலை மேலும் சீண்ட வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும், பல மருந்துகள் கலந்த களிம்புகளும் வேண்டாம். ஸ்டீராய்டு தேவையா, எந்த வலிமையில் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

இமை, காது, முகம் வீங்கினால், நீர் வடியும் கொப்புளம் வந்தால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்; பாக்கெட்டையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். உதடு, நாக்கு வீக்கம், குரல் மாறுதல், மூச்சிரைப்பு, உடலெங்கும் தடிப்பு, மயக்கம் இவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழைப்பதைத் தவிர வேறு யோசனைக்கு இடமில்லை. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

குழந்தை விழுங்கிவிட்டால் நிலைமை முற்றிலும் வேறு. வயிற்றுக்குள் போன பிபிடி சில மணி நேரத்தில் கழுத்தையும் தொண்டையையும் வீங்கச் செய்து மூச்சை அடைக்கும். பிறகு தசைகளைச் சிதைத்து, சிறுநீரைக் கரும்பழுப்பாக்கி, சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்காமல், உப்புத் தண்ணீரோ புளிக்கரைசலோ கொடுக்காமல், குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு முதலில் கொண்டு செல்ல வேண்டும். சிவகங்கைக்கோ மதுரைக்கோ அனுப்ப வேண்டுமா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். நேராக மதுரைக்கே காரை விடுவோம் என்று கிளம்பி, வழியில் மூச்சுத் திணறினால் காருக்குள் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

மெதுவாக வரும் பாதிப்பு ஒன்றும் உண்டு. அரிப்போ வீக்கமோ இல்லாமலே, நெற்றி ஓரத்திலும் கன்னப்பொறியிலும் கழுத்திலும் சாம்பல் கலந்த கருமை படர்வதை ‘வெயில் பட்டது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இந்தியத் தோல் மருத்துவர்கள் இத்தகைய கருமையில் தலைச்சாயத்தை ஒரு முக்கியக் காரணமாகத் தேடுகிறார்கள். சிலருக்கு இதற்கு நேர்மாறாக, சாயம் பட்ட இடம் வெளுத்துவிடும். இரண்டிலும் சாயத்தை நிறுத்துவதே சிகிச்சையின் முதல் பகுதி.

புற்றுநோய் பற்றிய கேள்வி

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, சொந்தமாகத் தலைக்குச் சாயம் பூசிக்கொள்வதை, புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவிலும், முடிதிருத்தும் தொழிலாளர்கள் வேலையில் எதிர்கொள்ளும் சூழலை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய 2ஏ பிரிவிலும் வைத்திருக்கிறது. 2020இல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வு 1,17,200 பெண்களை 36 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு நிரந்தரச் சாயத்தால் ஆபத்து கூடவில்லை, ஆனால் சில வகை மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய், ஒரு வகைத் தோல் புற்றுநோய் ஆகியவற்றில் சிறு உயர்வு தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையர் என்பதால் அம்முடிவை நம் மக்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இதைப் படித்துவிட்டு மாதம் ஒருமுறை சாயம் பூசும் பெரியவர் கலங்கத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது, திருமணக் காலங்களில் நாள் முழுவதும் அடுத்தவர் தலைக்குச் சாயம் பூசும் சலூன் தொழிலாளியைப் பற்றித்தான். வெறுங்கையால் பூசும் அவருக்குக் கை விரலிடுக்கில் ஆறாத வெடிப்பு வருவது அரிதன்று. கையுறை இல்லாத கடையில் கையுறை வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்வது வாடிக்கையாளருக்கும் நல்லது.

ஒத்துக்கொள்ளவில்லை என்று உறுதியானால்

பிபிடி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுவதும் நிற்கும். அப்படிப்பட்டவர் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் இதை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஏனெனில் பென்சோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தும் சல்ஃபா மருந்துகளும் வேதி அமைப்பில் இதற்கு நெருக்கமானவை. கருநீலம், கருப்புத் துணிகளில் உள்ள சில சாயங்களும் வியர்வையோடு சேர்ந்து சிலருக்கு அரிப்பைத் தரும். நிறம் வேண்டும் என்றால் கலப்பில்லாத மருதாணி, அடுத்து அவுரி என்ற முறை இருக்கிறது. நிழலில் உலர்த்திய இலையை வீட்டிலேயே அரைத்துக்கொண்டால் கலப்பட ஐயம் இல்லை. அதற்கும் முன்கைச் சோதனை உண்டு.

மிச்சத்தை வைத்தல்

கலக்காத பாக்கெட்டுகள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மருந்து, சமையல் பொருள்களிலிருந்து விலகி, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். வேறு டப்பாவில் கொட்டி வைத்தால் அது என்னவென்று அடுத்தவருக்குத் தெரியாது. கலந்த சாயத்தை அடுத்தவருக்காக மூடிய புட்டியில் வைக்கவே கூடாது, உள்ளே ஆக்சிஜன் அழுத்தம் ஏறிப் புட்டி வெடிக்கக்கூடும். மிஞ்சியதை அன்றே நிறையத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் விட்டு, கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கையுறையோடு குப்பையில் போட்டுவிட வேண்டும்.